அப்பாவின் விலா எலும்பில் ஒரு புள்ளி: பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் தக்கலை பக்கம். அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் உறுதியாகிவிட்டது. எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பதில்தான் சிக்கி நிற்கிறோம். அதைப் பார்க்கத்தான் பிஎஸ்எம்ஏ பெட், அதாவது புராஸ்டேட் புற்றுநோய் செல்கள் உடலில் எங்கே இருக்கின்றன என்று ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன், எடுக்க நினைக்கிறோம்.

ஓணம் முடிந்ததிலிருந்து ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். புராஸ்டேட் வீக்கம் என்று மாத்திரை தந்தார்கள், குறையவில்லை. கார்த்திகையில் ரத்தத்தில் பார்த்த பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதம், புற்றுநோயில் கூடும்) 24. எம்ஆர்ஐயில் பைராட்ஸ் (புற்றுநோய்ச் சந்தேக அளவுகோல்) 5, அதுதான் உச்சம்; பயாப்ஸியில் கிளீசன் (புற்றுநோயின் தீவிர மதிப்பெண்) 4+4=8, அதாவது அதிக அபாயப் பிரிவு. சிடி ஸ்கேனில் பரவல் இல்லை. ஆனால் எலும்பு ஸ்கேனில் வலது விலாவில் ஒரு புள்ளி. பழைய அடியாகவும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். ரப்பர் தோட்டத்தில் விழுந்து அதே இடத்தில் அடிபட்டவர் அப்பா, அதனால் எனக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது. முழுதாகக் குணமாக்கும் கதிர்வீச்சா, கட்டுப்படுத்தும் மருந்தா என்பது அந்தப் புள்ளியைப் பொறுத்தது.

2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், அதிக அபாயமுள்ள 302 பேரிடம் பிஎஸ்எம்ஏ பெட் 92 சதவீதம் துல்லியம் காட்டியது. சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65தான். விலாவில் பிஎஸ்எம்ஏ பெட்டும் சில நேரம் பொய்யாக ஒளிரும், ஆகவே அனுபவமுள்ளவர் ரிப்போர்ட் எழுத வேண்டும். நாகர்கோவிலில் நாங்கள் விசாரித்த சென்டர்களில் இந்த வசதி இல்லை. புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் ஊசி தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இந்த ஸ்கேன் எடுத்தவர்கள், எங்கே எடுத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?