கிச்சன் மேடையில் சிங்க் ஓட்டை வெட்டும்போது கிளம்பும் தூசி: வழி சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் டைல்ஸ், கிரானைட் பதிக்கும் டீம் எங்களுடையது. ஸ்லாப்பை வெளியே வைத்து அறுத்துவிடலாம், அதில் தொல்லை இல்லை. மேடையில் ஒட்டிய பிறகு சிங்க் ஓட்டை வெட்டுவதுதான் பிரச்சினை. சின்ன அறை, ஒரே ஜன்னல். மெஷினை ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. கண் இமையெல்லாம் வெள்ளையாகிவிடும்.

மெஷின் 4 அங்குல மார்பிள் கட்டர், 230 வோல்ட். கல் 18 மி.மீ. கருப்பு, சில வீடுகளில் சிவப்பு. சிவப்பில் குவார்ட்ஸ் என்கிற சிலிக்கா தாது அதிகம், அதன் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது என்று தெரியும். டீமில் ஒரு தம்பிக்குத் தீபாவளியிலிருந்து வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போதைக்கு அவனை வெட்டும் வேலையில் விடுவதில்லை.

ஈரத் துண்டு கட்டிப் பார்த்தோம், பயனில்லை. என்95 மாஸ்க் பரவாயில்லை, ஆனால் வேர்வையில் நனைந்ததும் பையன்கள் கழற்றி வீசுகிறார்கள். தாடி வைத்தவனுக்கு அது முகத்தோடு ஒட்டுவதும் இல்லை. ஃபேன் வைத்தால் பக்கத்து அறை பெயின்டர் சண்டைக்கு வருகிறார், அவர் கோபமும் நியாயம்தான். பாட்டிலில் தண்ணீர் விட்டபோது தூசி நன்றாகவே அடங்கியது. ஆனால் சேறு மெஷினுக்குள் போய்க் கையில் சுர்ரென்று ஷாக். மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போட்டோம், அது அடிக்கடி டிரிப் ஆகிறது.

வீட்டுக்குள் சிங்க் ஓட்டை வெட்டுபவர்கள் தூசியும் பறக்காமல், ஷாக்கும் அடிக்காமல் இருக்க என்ன மெஷின், என்ன செட்டப் வைத்திருக்கிறீர்கள்?