செக்கோயா: அதிபர்களின் மர யாட் யார் யார் கைக்குப் போனது?

சுக்கான்:
வணக்கம். 1925இல் கட்டிய, அமெரிக்க அதிபர்கள் பயன்படுத்திய செக்கோயா மோட்டார் யாட்டின் உரிமையாளர் வரிசையைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று இடங்களில் சிக்கல். அமெரிக்க வணிகத் துறைக்கு ஒரு சொகுசுப் படகு எதற்கு? 2016 வழக்கில் அதன் விலை 0 டாலர் என்று எப்படி வந்தது? அதிபர் ரூஸ்வெல்ட்டின் இன்னொரு யாட்டான ‘பொட்டோமாக்’, தண்ணீரில் மூழ்கியே போன கப்பல். அது 1995இலேயே மக்கள் பார்வைக்கு வந்துவிட்டது. மூழ்காத செக்கோயா ஏன் கெட்டுப்போகும் கதிக்கு ஆளானது? 1977க்குப் பிறகு கைமாறியதற்கு ஆவணச் சான்று எங்கே கிடைக்கும் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவாய்:
நியூஜெர்சி கேம்டனில் மேத்திஸ் படகுத் தளம் கட்டியது. வரைந்தவர் ஜான் டிரம்பி. நீளம் 104 அடி. முதல் உரிமையாளர்கள் பிலடெல்பியாவின் கேட்வாலடர் தம்பதி. மனைவி எமிலி, புரூக்ளின் பாலத்தைத் திட்டமிட்ட ரோப்ளிங் குடும்பத்துப் பெண். 1931இல் ஹாம்பர்க்கில் சவரோனா என்ற யாட்டைக் கட்டவைத்தவரும் அவரேதான். அதைத் துருக்கி அரசு 1938இல் தன் அதிபர் அத்தாதுர்க்குக்காக வாங்கியது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு நாட்டுத் தலைவர்களுக்குப் படகு போனது கப்பல் வரலாற்றில் அபூர்வம்.

அடுத்து சேர்த்துக்கொள்ள வேண்டியவர் வில்லியம் டன்னிங், செக்கோயா எண்ணெய் நிறுவனத் தலைவர். 1931இல் வணிகத் துறை வாங்கியது மதுவிலக்குக் கண்காணிப்புக்காக. பணக்காரர் உலாப் படகு போலத் தெரிவதால் சாராயம் கடத்துகிறவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். அதிபர் ஹூவர் அதில் மீன்பிடிக்கப் போனார். 1932 கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அதன் படத்தையே போட்டார். 1933 மார்ச்சில் கடற்படைக்கு வந்தது.

ரூஸ்வெல்ட் 1936இல் எஃகுக் கப்பலான பொட்டோமாக்குக்கு மாறியதற்குத் தீ பயம் முக்கியக் காரணம். சக்கர நாற்காலியில் இருப்பவர் மரப் படகில் தீப்பிடித்தால் எப்படித் தப்புவார்? பொட்டோமாக்கில் ஒரு போலிப் புகைபோக்கிக்குள்ளேயே அவருக்குக் கையால் இழுக்கும் லிஃப்ட் வைத்தார்கள். செக்கோயா அதன் பிறகு கடற்படைச் செயலர் பொறுப்பில் இருந்தது, அதிபர்களும் பயன்படுத்தினார்கள். கென்னடியின் 46ஆவது பிறந்தநாள் விருந்து, 1963 மே 29, அதில்தான் நடந்தது. கார்ட்டர் 1977இல் ஏலம் விட்டார். போன விலை 2,86,000 டாலர். 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. ஆனால் அந்தத் தகுதி தனியார் சொத்துக்குப் பராமரிப்புப் பணம் தருவதில்லை.

0 டாலர் விஷயம்: 2012இல் உரிமையாளர் நிறுவனம் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கடன் வாங்கியது. கடன் தவறினால் 78 லட்சம் டாலருக்குப் படகை வாங்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு. அந்த விலையில் சில தொகைகளைக் கழித்துக்கொள்ளலாம் என்பதும் ஒப்பந்தம். டெலவேர் நீதிமன்றத்தில் கழிக்க வேண்டியதைக் கழித்தபோது எதுவும் மிஞ்சவில்லை. அதற்குள் படகு வர்ஜீனியாவில் கரையேற்றிய நிலையில் கெட்டுப்போய், ரக்கூன்கள் குடியேறியிருந்ததைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. 2019இல் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகில் ஏற்றி, சீரமைப்புக்காக மேன் மாநிலம் பெல்ஃபாஸ்டுக்குக் கொண்டுபோனார்கள்.

தேக்குப்பலகை:
பொட்டோமாக்குடன் ஒப்பிடும்போது உடல் எதனால் ஆனது என்பதை மறக்கக் கூடாது. பொட்டோமாக் எஃகு. 1981இல் சான்பிரான்சிஸ்கோவில் மூழ்கியதைக் கடற்படை இரண்டே வாரத்தில் தூக்கிவிட்டது. ஓக்லாந்து துறைமுகம் 15,000 டாலருக்கு வாங்கியது. எஃகில் கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் பழைய வலு வந்துவிடும். அதற்கே 50 லட்சம் டாலர், 12 ஆண்டு ஆனது.

செக்கோயா, ஓக் வங்குகள் (படகின் விலா எலும்பு போன்ற சட்டங்கள்) மேல் நீள் ஊசியிலை மஞ்சள் பைன் பலகை. இதற்குக் கடலைவிட மழைதான் எதிரி. உப்புநீரில் ஊறும் அடிப்பலகை பல பத்தாண்டு நிற்கும். மேல்தளமும் கேபின் சுவரும் சேரும் மூலை, வங்குகளின் மேல்முனை, பின்தலை (படகின் பின்முனை) ஆகிய இடங்களில் நல்ல தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். மர ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை. வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். ஊசி வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும்.

கரையில் வைப்பது அடுத்த ஆபத்து. தண்ணீர் உடல் முழுவதையும் தாங்கும். தாங்குகட்டை தொட்ட இடத்தில் மட்டும் தாங்கும். எடை முழுக்க ஏராவுக்கு (படகின் அடி முதுகெலும்புக் கட்டைக்கு) அடியில் உள்ள கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கவாட்டு முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. கட்டைகள் குறைந்தால் இரு முனையும் தொங்கும், நடு எழும்பும். கூடவே பலகை காய்ந்து இடைவெளி விடும். அதைப் பார்த்துப் பதறி கெட்டியான பூச்சை அடைப்பதுதான் பெரிய நாசம். தண்ணீரில் இறக்கியதும் பலகை வீங்கும். விரிய இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், வங்கையே உடைக்கும். காய்ந்த இடைவெளியை அப்படியே விட்டு, ஈரச் சாக்குப் போட்டு உப்புநீர் விட்டு மெல்ல ஊறவையுங்கள். பழைய கலப்பத்துப் பஞ்சு (பலகை இடுக்கில் நீர் புகாமல் அடைக்கும் பஞ்சு) தளர்ந்த இடத்தில் மட்டும் புதிது அடித்தால் போதும்.

ஏட்டுச்சுவடி:
ஆவணம் தேடுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது பெயரை அல்ல, படகைப் பதியும்போது அரசு தரும் அதிகாரப்பூர்வ எண்ணை. பெயர் மாறும், ஒரே பெயரில் பல படகுகள் இருக்கும். எண் கடைசிவரை மாறாது. உடலின் உள்ளே முதன்மைக் குறுக்குவிட்டத்தில் செதுக்கியிருப்பார்கள். அந்த எண்ணைக் கொண்டு அமெரிக்க வணிகக் கப்பல்கள் ஆண்டுப் பட்டியலைப் புரட்டுங்கள். 1977 வரைக்கும் லாயிட்ஸின் அமெரிக்க யாட் பதிவேடு இருக்கிறது; எஞ்சின் விவரம், முந்தைய பெயர் இரண்டும் அதில் உண்டு. ஆனால் அது உரிமையாளர் தந்த தகவல். ஒருவர் விற்ற பிறகும் ஓராண்டு அவர் பெயரே தொடரலாம்.

சட்டச் சான்று வேண்டுமானால் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கடலோரக் காவல்படையின் கப்பல் ஆவண மையத்தில் உரிமைச் சுருக்கம் கேளுங்கள். விற்பனை, அடமானம், பற்றுரிமை (பாக்கிக்காகப் படகின் மேல் உள்ள உரிமை) எல்லாம் தேதியோடு வரும். கடற்படையில் இருந்த 1933 முதல் 1977 வரையான காலம் அதில் வராது. அரசுக் கப்பலுக்கு அங்கே பதிவு இல்லை. அதற்குத் தேசிய ஆவணக் காப்பகம்தான்.

சுக்கான்:
நன்றி நண்பர்களே. படகின் நடு எழும்பி முதுகு வளைந்துவிட்டதா என்று எப்படி அளப்பது?

தேக்குப்பலகை:
ஏராவை ஒட்டி அணியத்திலிருந்து (முன்முனை) பின்தலைவரை மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, மீட்டருக்கு ஒரு இடத்தில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். கம்பியின் சொந்தத் தொய்வைக் கழிக்க வேண்டும். லேசர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நடு எழும்பியிருந்தால், அடிப்பலகைப் பிணைப்புகளைத் தளர்த்திவிட்டு, முனைகளை ஜாக்கியால் வாரத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். புது வங்கை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றுங்கள்; பக்கத்துப் பக்கத்து வங்குகளை ஒரே நேரத்தில் கழற்றினால் வடிவம் போய்விடும். ஓக்கை வளைக்க, தடிமனில் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி.