'யார்ன் ஃபார்வர்ட்' விதிக்குத் தமிழ்ச்சொல்?

மொழிபெயர்ப்பவர்:
வணக்கம். வளரும் நாடுகளின் ஆடைகளுக்கு அரசுகள் தரும் இறக்குமதி வரிச்சலுகை எப்படி நடைமுறையாகிறது என்றொரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானதாகக் கொள்ளப்படும் என்று சொல்லும் 'ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்' என்பதற்குப் 'பிறப்பிட விதிகள்' என்று போட்டுவிட்டேன். 'யார்ன் ஃபார்வர்ட்' உதைக்கிறது. சலுகை பெறும் நாட்டில் சட்டையைத் தைத்தால் மட்டும் போதாது, துணியும் அதற்கான நூலும்கூட ஒப்பந்த வட்டத்துக்குள் உருவாகியிருக்க வேண்டும். பஞ்சு எங்கிருந்தும் வரலாம். ஒரு சொல் தாருங்கள்.

ஆசிரியர்:
'நூல்முதல் விதி'. வகுப்பில் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

புலவர்:
பிடித்துக்கொள்வார்கள், தவறாக! நூல், முதல் இரண்டும் சேர்ந்தால் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்றுதானே மனம் ஓடும்? நன்னூலார் சொல்லைப் பஞ்சாகவும் வாயைக் கையாகவும் மதியைக் கதிராகவும் வைத்து நூல் நூற்றுக் காட்டியிருக்கிறார். அவர் கணக்கு பஞ்சிலேயே தொடங்குகிறது, உங்கள் விதியோ பஞ்சை வெளியே நிறுத்துகிறது. நுவலுவதால் நூலா, நுண்மையால் நூலா என்பதும் இன்னும் தீராத வழக்கு. என் பார்வையில் நுண்மைதான் வேர். நுழை, நுதி எல்லாம் அதே குடும்பம். அதனால் 'இழைமுதல் நெறி' என்க. 'விதி' வடசொல்.

சுங்கத்துறையில் இருந்தவர்:
புலவர் ஐயா, 'இழை'யைத் தொடாதீர்கள். அது 'ஃபைபருக்கு', அதாவது நூலாக நூற்கும் முன் உள்ள பஞ்சு போன்ற மூலப்பொருளுக்கு வேண்டும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே 1994இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா வணிக ஒப்பந்தத்தில் சில பொருள்களுக்கு இழையிலிருந்தே கணக்கு தொடங்கியது. இரண்டு விதிக்கும் ஒரே பெயர் என்றால் சான்றிதழைப் பார்ப்பவர் எதைச் சரிபார்ப்பார்? அப்புறம், 'நெறி' என்றால் ஒழுக்கம் மாதிரி இருக்கிறது. இங்கே மீறினால் முழு வரி கட்ட வேண்டும், வருந்தினால் போதாது.

நான் கட்டங்களை எண்ணச் சொல்வேன். நூற்பு, நெசவு, தையல் மூன்றும் உள்ளே நடந்தால் 'முக்கட்ட விதி'. ஐரோப்பிய ஒன்றியம் முன்பு ஆடைகளுக்குப் பொதுவாக இரு கட்டம் கேட்டது. 2011 முதல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஒரு கட்டம் போதும் என்றாக்கியது. வங்கதேசம் வெளியில் வாங்கிய துணியில் சட்டை தைத்து வரியில்லாமல் அனுப்ப முடிவது அதனால்தான். அமெரிக்காவும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரிச்சலுகை தரும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில், அங்குள்ள ஏழை நாடுகள் மூன்றாம் நாட்டுத் துணியில் தைக்க இடம் கொடுத்தது, அளவுக்கு ஒரு வரம்பு வைத்து. முக்கட்டம், இருகட்டம், ஒருகட்டம் என்று வரிசையாகச் சொன்னால் எந்த நாடு எவ்வளவு கடுமை என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஆசிரியர்:
ஸ்வெட்டருக்கு உங்கள் எண்ணிக்கை உதவாது. அதன் உறுப்புகள் நூலிலிருந்து நேரே உருவத்தோடு பின்னப்படுகின்றன, இடையில் வெட்டுவதற்குத் துணி என்றே ஒன்று இல்லை. அங்கே மூன்று எங்கே இரண்டு எங்கே? 'எதிலிருந்து தொடங்க வேண்டும்' என்பதுதான் விதியின் உயிர். 'முதல்' அதைச் சொல்கிறது. 'இன்று முதல்' என்கிறோமே, அந்த முதல்.

புலவர்:
இடைச்சொல்லாய் வரும் 'முதல்' தொகையின் நடுவே நின்றால் மயக்கம் தராதா? 'நூற்றொடக்க விதி' எனலாமே.

சுங்கத்துறையில் இருந்தவர்:
நூறு தொடக்கம் என்று படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பவர்:
இரண்டு நாள் ஆகிவிட்டது. 'நூல்முதல் விதி' என்றே போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு. 'இழைமுதல் விதி' தனியாக இருக்கட்டும். ஸ்வெட்டரை விட்டுவிட்டால் 'ஒருகட்ட', 'இருகட்ட' என்பவையும் பயன்படும், எடுத்துக்கொள்கிறேன்.

புலவர்:
நான் உடன்படவில்லை. 'விதி'க்கும் சேர்த்து.

மொழிபெயர்ப்பவர்:
குறித்துக்கொண்டேன் ஐயா. அடுத்த அத்தியாயத்தில் 'கியூமுலேஷன்' வருகிறது: இந்தியத் துணியை வங்கதேசத்தில் தைத்தால், ஐரோப்பிய விதிப்படி அந்தத் துணியையும் வங்கதேசத்துக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாடு. 'திரட்சி' வேண்டாம், பழத்துக்குச் சொல்வது போல இருக்கிறது. வேறு?