நவீன ஓவியத்தின் முன்னால் நின்று எதைப் பார்ப்பது?

செந்தூல்வாசி:

படிவம் 4-இல் காட்சிக் கலை எடுத்திருக்கும் மகளை ஒரு சனிக்கிழமை கோலாலம்பூர் கலைக்கூடங்களுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஸ்கெட்ச் புத்தகமும் கூடவே வரும். ஒரே நாளில் எத்தனை இடம் தாங்கும்? அதைவிடப் பெரிய சந்தேகம், உருவமே இல்லாத ஓவியத்தில் எதைத்தான் பார்ப்பது? சுவர்க் குறிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் முழ நீளத்துக்கு இருக்கிறது. படித்து முடித்தாலும் படம் பிடிபடுவதில்லை. போதாக்குறைக்குச் சில அறைகளில் விளக்கு அழுது வடிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:

இரண்டு இடம் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே மனதில் நிற்காது. காலையில் தேசியக் கலைக்கூடமான பாலாய் செனி நெகாரா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இல்ஹாம் கலைக்கூடம். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, ஆக செலவு ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான்.

பாலாய் இருப்பது ஜாலான் தெமெர்லோவில், இஸ்தானா புடாயாவுக்குப் பக்கத்தில். பலரும் தித்திவங்சாவில் இறங்கி வெயிலில் நடக்கிறார்கள். எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்தில் ஹோஸ்பிட்டல் கோலாலம்பூர் நிலையம் அதைவிடக் கிட்டம். அங்கிருந்து அதே தடத்தில் ராஜா ஊடாவுக்கு அடுத்தது அம்பாங் பார்க். இறங்கி ஜாலான் பிஞ்சாயில் இருக்கும் இல்ஹாம் கோபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். கண்காட்சி 3, 5-ஆம் மாடிகளில். ஒரு கண்காட்சியைக் கழற்றி அடுத்ததை மாட்டும் வாரங்களில் மாடி மூடியிருக்கும், அதனால் முதல் நாளே அவர்களுடைய இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பாலாய் 1958-இல் தொடங்கியது. பாடப் புத்தகத்தில் வரும் படமெல்லாம் அங்கே எப்போதும் மாட்டியிருக்கும் என்று எண்ண வேண்டாம். சேகரிப்பில் சிறு பகுதிதான் ஒரு நேரத்தில் சுவருக்கு வரும். ஒரே படத்தை நம்பி மகளின் குறிப்பேட்டைத் திட்டமிட்டால் ஏமாற்றம்தான்.

விளக்கு மங்கலாக இருப்பது மின்கட்டணத்தை மிச்சப்படுத்த அல்ல. நீர்வண்ணம், துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் அளவில் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், ஆறாது. 100 லக்ஸில் 5 மணி நேரம் வைத்தாலும் 50 லக்ஸில் 10 மணி நேரம் வைத்தாலும் சாயத்துக்கு ஒன்றுதான். வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் பழகப் பத்து நிமிடம் விடுங்கள். அறை குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரக்கோடு:

பெயர்ச்சீட்டில் முதலில் மூன்றே விஷயம் பார்த்தால் போதும்: ஆண்டு, எதைக்கொண்டு செய்தது, அளவு. நீளமான சுவர்க் குறிப்பு கடைசியில்.

பிறகு படத்தின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். கண் எங்கே போய் விழுகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று மகள் கவனிக்கட்டும். அடுத்து சுவரோரமாகப் போய்ச் சாய்வாகப் பார்த்தால் வண்ணத்தின் மேடுபள்ளம் தெரியும். கடைசியாக ஒரு கை நீளத் தூரம். அதற்கும் கிட்டே போனால் காவலர் குரல் கொடுப்பார்.

கிட்டே போனதும் நிறத்தைப் பார்க்காதீர்கள், நிறங்கள் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். கீழ்ப்பூச்சு காயும் முன் மேலே தீட்டியிருந்தால் இரண்டும் கலங்கிக் கிடக்கும். காய்ந்தபின் என்றால் கத்தரித்த மாதிரி இருக்கும். மெல்லிய அக்ரிலிக் பூச்சு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், ஓவியர் அடுத்த நாள் வந்தும் அதைக் கலைக்கலாம். இப்படி நாலைந்து ஓரம் பார்த்தால் எது முதலில் வந்தது, எதை மனம் மாறி மூடினார் என்று பிடிபடும். உருவமில்லாத படத்தில் கதை என்று ஒன்று இருந்தால் அதுதான்.

கண்ணில் பட்டால் மலேசிய ஓவியர் லத்தீப் மொஹிடினின் ‘பாகோ-பாகோ’ படங்களில் தொடங்குங்கள். 1960களில் வரைந்தவை, 2018-இல் பாரிஸின் பொம்பிடு கலை மையம் வரை போனவை. கூம்பும் முள்ளுமாக ஓர் உருவம் மேலே எழும். மூங்கில் குருத்தா, கோபுரமா என்று முடிவு கட்ட விடாது. முடிவு கட்டவும் வேண்டாம்.

இந்த வழி செல்லாத படைப்பும் உண்டு. 1974-இல் கலைஞர்கள் ரெட்சா பியாதாசாவும் சுலைமான் ஏசாவும் மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசாவில் காட்சிக்கு வைத்தவற்றில் எரிந்து தீர்ந்த கொசுவத்திச் சுருள், பாதி குடித்த கோக்கா கோலா பாட்டில்கள், ஒரு காலிக் கூண்டு எல்லாம் இருந்தன. கூண்டின் தலைப்பில் பறவையைத் திறந்துவிட்ட தேதியும் கிழமையும் நிமிடம்வரை மணியும் இருக்கும். கம்பியின் அழகைத் தேடினால் வெறுங்கைதான். நடந்து முடிந்த ஒன்றின் மிச்சம் அந்தக் கூண்டு, தலைப்பே பாதிப் படைப்பு.

நிழல்பொம்மை:

குறிப்பு கடைசியில் என்பதை அப்படியே ஏற்க முடியாது. பினாங்கில் 1941-இல் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கத்தின் ‘பிரண்ட்ஸ் இன் நீட்’ ஓவியத்தில் அமெரிக்க அதிபர் ரீகனும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் வாயாங் கூலிட் என்னும் நிழல்பொம்மலாட்டப் பாத்திரங்களாக வருகிறார்கள். ஆண்டு 1986. அந்த ஏப்ரலில் பிரிட்டிஷ் தளங்களிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் லிபியாவில் குண்டு போட்டன. இது தெரியாத 16 வயதுப் பிள்ளை எவ்வளவு ஓரம் பார்த்தாலும் பொம்மைதான் தெரியும். அரசியல் படம் என்று சந்தேகம் வந்தாலே குறிப்பைப் படித்துவிட வேண்டியதுதான்.

மெழுகுவாசம்:

பாத்தேக் (துணியில் மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் முறை) ஓவியம் மாட்டியிருந்தால் ஓரக்கோடு சொன்ன பரிசோதனை பலிக்காது, ஏனென்றால் அங்கே பூச்சே இல்லை. சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கும். கைவினையாக இருந்ததை 1950களில் ஓவியமாக்கியவர் பினாங்கின் சுவா தியான் தெங். அந்த வகையில் வரிசை எப்போதும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி மஞ்சளில் நனைப்பது, மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடி அடுத்த சாயம், இப்படியே போய்க் கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றுவது. நடுவில் தவறினால் அழிக்க வழியில்லை.

மெழுகுக் கோடு போடும் கருவியான சாந்திங்கின் மூக்கிலிருந்து விழும் மெழுகு ஆறிப்போனால் துணியின் மேலேயே உட்கார்ந்துவிடும், அடியில் சாயம் கசியும். அளவுக்கு மீறிச் சுட்டால் கோடு பரவிக் கொழகொழத்துப் போகும். ஒரே கோட்டில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள். தேன்மெழுகு வளையும், பாரஃபின் நொறுங்கும். நிறத்தின் நடுவே முட்டை ஓடு விரிந்த மாதிரி மயிரிழைக் கீறல்கள் நிறைய இருந்தால் பாரஃபின் பங்கு கூடுதல் அல்லது துணியை வேண்டுமென்றே கசக்கியிருக்கிறார். கீறல்கள் ஒரே அச்சாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்த துணி.

பினாங்குக்கு வந்தால் மாநிலக் கலைக்கூடம் டேவான் ஸ்ரீ பினாங்கில், பழைய பஸ் டிப்போவான ஹின் பஸ் டிப்போ ஜாலான் குர்ட்வாராவில். லெபோ ஆர்மீனியனில் எர்னெஸ்ட் ஸகரேவிச் 2012-இல் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளை எல்லாரும் படம் எடுப்பார்கள். கூட்டம் வரும் முன், காலை ஒன்பதுக்குள் போய்ச் சுவரின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். இந்த மாதிரிப் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் தரை ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டு மூச்சு வாங்கும். மேலே பெயின்ட் படலம் அடைத்தால் ஈரத்தோடு வரும் உப்பு அதன் பின்னால் படிந்து உரித்துவிடும். வெளிச்சுவர் ஓவியங்கள் கீழிருந்து மேலாகப் பெயர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செந்தூல்வாசி:

நன்றி. வரைவதற்கு வாட்டர்கலர் கொண்டுபோக விடுவார்களா?

தண்டவாளம்:

பென்சில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர வண்ணம், பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும், பெரிய பையும் லாக்கருக்குப் போகும். ஏ5 புத்தகம், 2பி பென்சில் ஒன்று, 4பி ஒன்று. சாதாரண ரப்பர் தரையெல்லாம் தூள் கொட்டும், பிசையும் ரப்பர் வாங்குங்கள். பென்சிலை வீட்டிலேயே சீவிவிடச் சொல்லுங்கள், அங்கே குப்பைத்தொட்டி தேடி மாடி இறங்க வேண்டியிருக்கும்.