சோளப்பாகு ரத்தத்தில் ரசிக்க என்ன இருக்கிறது? – ஒரு விவாதம்

கடைசி வரிசை:

அறுபதுகள் முதல் எண்பதுகள் வரை சொற்பப் பணத்தில் எடுக்கப்பட்ட ரத்தப் படங்களை, அதாவது ரசிகர்கள் ஸ்ப்ளாட்டர் என்று அழைக்கும் வகையை, "தரமில்லை, ஆனால் வேடிக்கையாக இருக்கும்" என்று சொல்லிக் கடந்துபோகும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதை மறுப்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். இப்படங்கள் மோசமாக இருப்பதால் நம்மை ஈர்க்கவில்லை. பணமில்லாதவர்கள் தம் கையால் செய்த வேலை திரையில் அப்படியே தெரிகிறது என்பதால்தான் ஈர்க்கின்றன.

'ஈவில் டெட்' (1981) படத்தை எடுத்துக்கொள்வோம். சாம் ரெய்மியும் நண்பர்களும் டென்னசி மாநிலத்தின் மோரிஸ்டவுனுக்கு அருகே பாழடைந்த ஒரு மரவீட்டில் அதைப் படமாக்கியபோது அவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை அப்போதுதான் தாண்டிய இளைஞர்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று காட்டுக்குள் தரையை ஒட்டி விரைந்து வரும் காட்சிகளுக்கு ஸ்டெடிகேம், அதாவது குலுக்கலைத் தணிக்கும் கேமராக் கருவி, வைத்துக்கொள்ள அவர்களிடம் பணமில்லை. ஆகவே நீளமான ஒரு மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பலகை நீளமாக இருப்பதால் ஓடுபவரின் குலுக்கல் நடுப்பகுதிக்கு வருவதற்குள் பெருமளவு தணிந்துவிடுகிறது. எஞ்சியதில் பாதியை அகலக்கோண லென்ஸ் விழுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் மிஞ்சும் சிறு நடுக்கம் இருக்கிறதே, அதுதான் உருவமற்ற அந்தப் பேய்க்கு மூச்சையும் எடையையும் தருகிறது. பெரிய நிறுவனம் ஒன்று அதே காட்சியை வழுவழுப்பாக எடுத்திருக்கும். பார்ப்பவருக்குப் பயம் வந்திருக்காது.

செம்பருத்தி:

நண்பர் விவரித்த பலகைக் கேமராவின் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. அந்தச் சாமர்த்தியம் எதற்காகச் செலவிடப்பட்டது என்பதே என் கேள்வி. இந்த வகையின் தொடக்கத்தைப் பார்த்தாலே அது விளங்கும். ஹெர்ஷல் கார்டன் லூயிஸும் தயாரிப்பாளர் டேவிட் ஃப்ரீட்மனும் அதற்கு முன்பு ஆடையற்ற பெண்களைக் காட்டும் மலிவுப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்தச் சந்தையில் கூட்டம் சேர்ந்துவிட்டதால், பெரிய ஸ்டுடியோக்கள் காட்டத் துணியாத வேறொரு சரக்கைத் தேடினார்கள். அப்படி மயாமியில் சுமார் 24,500 டாலர் செலவில் உருவானதுதான் 'பிளட் ஃபீஸ்ட்' (1963). ஒரு பெண்ணின் நாக்கைப் பிடுங்கும் காட்சிக்கு ஓர் ஆட்டின் நாக்கைப் பயன்படுத்தினார்கள். திரையரங்குகளில் பார்வையாளர்களுக்கு வாந்திப் பைகளை விநியோகித்தது ஃப்ரீட்மனின் விளம்பர உத்தி. இதில் படைப்பாளியின் கனவு எங்கே இருக்கிறது? ஒரு கடைக்காரரின் கணக்கு மட்டுமே இருக்கிறது. அந்தக் கணக்கில் பெண் உடல் முதலில் ஆடை களைந்து விற்கப்பட்டது. பிறகு வெட்டி விற்கப்பட்டது. "கையால் செய்த வேலை" என்ற அழகான சொற்களால் இதைப் போர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பனைப்பெட்டி:

நான் ஒப்பனைத் துறையில் பணிபுரிபவன். விவாதத்தில் ரத்தம் வந்துவிட்டதால், அந்த ரத்தத்தைப் பற்றியே கொஞ்சம் சொல்கிறேன்.

லூயிஸைப் பற்றிச் செம்பருத்தி அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியே. ஆனால் அவரும் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. அன்று கிடைத்த நாடக ரத்தம் வண்ணப் படச்சுருளில் ஊதாச் சாயலில் விழுந்தது. அதனால் உள்ளூர் அழகுசாதன ஆய்வகம் ஒன்றில் புதிதாக ஒரு சிவப்பைத் தயாரிக்கச் செய்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து பிட்ஸ்பர்க் பக்கம் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) எடுத்தபோது அந்தக் கவலையே எழவில்லை. படம் கறுப்பு வெள்ளை என்பதால் சாக்லேட் சிரப் போதுமானதாக இருந்தது. பிணங்கள் மனித இறைச்சியைத் தின்னும் காட்சியில் நடிகர்கள் உண்மையில் தின்றது சாக்லேட் ஊற்றிய பன்றித் தொடை. குடல்களைக் கொடுத்தவர், படத்தில் பணம் போட்டிருந்த ஓர் இறைச்சி வியாபாரி. மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர்.

வண்ணப் படங்களில் போலி ரத்தமாகச் சோளப்பாகு நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அது மெதுவாக வழியும். ஒளியைச் சற்று உள்ளே விடுவதால் உயிருள்ளதுபோல் தோன்றும். வாயில் பட்டாலும் ஆபத்தில்லை. ஆனால் காயக் காயப் பிசுபிசுக்கும், பிறகு ஓடுபோல் இறுகிவிடும். 'ஈவில் டெட்' படப்பிடிப்பில் நாயகன் புரூஸ் கேம்ப்பெல் தன் சட்டையை நெருப்புக்கு அருகே உலர வைத்துவிட்டு மீண்டும் எடுத்தபோது அது உடைந்தே போனது. அந்த ஒரே சட்டையோடு பல நாள் காட்சித் தொடர்ச்சியைக் காக்க வேண்டிய ஒப்பனைக்காரரின் பாடு எனக்குப் புரிகிறது. திரையில் ரத்தத்தைப் பார்க்கும்போது நாங்கள் பார்ப்பது கொலையை அல்ல. அது எந்தப் பாகு, எவ்வளவு நேரம் விளக்குக்குக் கீழே இருந்தது என்பதைத்தான்.

கடைசி வரிசை:

மிக்க நன்றி. நீங்கள் கடைசியாகச் சொன்னதையே நான் சாதாரணப் பார்வையாளருக்கும் நீட்டிச் சொல்வேன். பாரிஸில் 1897 முதல் 1962 வரை இயங்கிய கிராண்ட் கின்யோல் நாடக அரங்கில் மேடைக் கொலைகளைக் காணச் சென்றவர்கள் கொலைகாரர்கள் அல்லர். அது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்தப் பொய் கண்ணெதிரே நிகழும்போது உடல் நம்பிவிடுகிறது. அறிவு மறுப்பதை உடல் நம்பும் அந்தக் கணத்துக்காகத்தான் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். கணினியில் வரைந்த ரத்தம் தரைமீது படிவதில்லை, துணியில் ஊறுவதில்லை. பழைய படங்களில் உண்மையான ஒரு திரவம் உண்மையான ஒரு முகத்தின்மீது விழுகிறது.

வியட்நாமில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்த டாம் சவினி, திரும்பி வந்து 'டான் ஆஃப் தி டெட்' (1978) படத்துக்குக் காயங்களை வடிவமைத்தார். பிணங்களைக் கேமரா வழியே பார்த்துப் பழகிய ஒருவர் அந்த நினைவை ரப்பரிலும் சாயத்திலும் மீண்டும் செய்து பார்ப்பதைக் கடைக்காரரின் கணக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பெண்களைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் ஒரு பதில் உண்டு. திரைப்பட ஆய்வாளர் கேரல் குளோவர் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இத்தகைய படங்களில் இறுதிவரை உயிரோடு எஞ்சும் பெண்ணோடுதான் இளம் ஆண் பார்வையாளர்கள் தங்களை இணைத்துக்கொள்கிறார்கள் என்று விரிவாக வாதிட்டார்.

செம்பருத்தி:

குளோவரின் வாதம் பார்வையாளரைப் பற்றியது. நான் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

"பொய் என்று தெரிந்திருப்பதே இன்பத்தின் அடிப்படை" என்பதுதானே உங்கள் வாதத்தின் சாரம்? அப்படியானால் 'டெக்சஸ் செயின்சா மாசக்கர்' (1974) படத்தின் விருந்துக் காட்சியை என்ன செய்வது? டெக்சஸின் கோடை வெயிலில், ஜன்னல்களை மூடிய வீட்டுக்குள், அழுகும் இறைச்சியின் நாற்றத்துக்கு நடுவே ஒரு முழு நாளுக்கும் மேலாக அக்காட்சியை எடுத்தார்கள். கத்தியில் பொருத்திய, போலி ரத்தம் வரவேண்டிய குழாய் வேலை செய்யாததால், கொலையாளியாக நடித்த கன்னர் ஹான்சன் நாயகி மர்லின் பர்ன்ஸின் விரலை உண்மையிலேயே வெட்டிவிட்டார். 'ஈவில் டெட்' நடிகைகள் அணிந்த லென்ஸ்கள் கண்ணாடித் துண்டுகளைப் போலத் தடிமனானவை; அவற்றைப் போட்டுக்கொண்டு எதையும் பார்க்க முடியாது, நீண்ட நேரம் வைத்திருக்கவும் முடியாது. அதே படத்தில் மரங்கள் ஒரு பெண்ணை வன்புணரும் காட்சியை வைத்ததற்காக ரெய்மியே பின்னாளில் வருந்தியிருக்கிறார். இத்தாலிக்குப் போனால் 'கானிபல் ஹோலோகாஸ்ட்' (1980). அதில் கேமராவுக்காகவே விலங்குகளை நிஜமாகக் கொன்றார்கள். பணமில்லாமை கற்பனையை மட்டும் வளர்க்கவில்லை. பாதுகாப்புக்கும் ஓய்வுக்கும் செலவிட வேண்டியதை நடிகர்களின் உடலிலிருந்து எடுத்துக்கொண்டது. அதை ரசிகர்கள் இன்றும் சுவையான படப்பிடிப்புக் கதைகளாகச் சொல்லி மகிழ்வதே எனக்கு வலிக்கிறது.

ஒப்பனைப்பெட்டி:

இதில் நான் செம்பருத்தி அவர்கள் பக்கம். நடிகரின் கண்ணிலோ தோலிலோ வைக்கும் எதுவாயினும் அது அவருக்குத் தீங்கு செய்யாது என்று உறுதிசெய்வது ஒப்பனைக்காரரின் முதல் கடமை. குழாய் வேலை செய்யவில்லை என்றால் படப்பிடிப்பை நிறுத்திக் குழாயைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நேரமில்லை என்பது சாக்கு.

கடைசி வரிசை:

அந்த வெட்டை நான் எவ்விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். விலங்குக் கொலை இருக்கும் படத்தை நான் பரிந்துரைப்பதுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வெட்டு படத்துக்கு எதையுமே சேர்க்கவில்லை. குழாய் வேலை செய்திருந்தாலும் நாம் பார்ப்பது அதே சிவப்பு வரிதான். டோபி ஹூப்பர் இயக்கிய அந்த 'டெக்சஸ் செயின்சா மாசக்கர்' படத்தில் ரத்தம் மிகக் குறைவு. இறைச்சிக் கொக்கி முதுகில் இறங்குவதைக் கேமரா காட்டுவதே இல்லை. முகம், கொக்கி, கீழே வைத்த வாளி, ஓசை ஆகியவற்றை வெட்டி ஒட்டியே அந்தக் கொடூரத்தை உருவாக்கினார்கள். அப்படியும் பிரிட்டனின் தணிக்கை வாரியம் 1999 வரை அதற்குச் சான்றிதழ் தரவில்லை. ஆகவே கலை நிகழ்ந்த இடம் படத்தொகுப்பு மேசை. உண்மையான வலி வீணான வலி என்பதே என் நிலைப்பாடு.

செம்பருத்தி:

வீணான வலி என்று நீங்கள் ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். ஆனால் மர்லின் பர்ன்ஸின் முகத்தில் தெரியும் களைப்பு வீணாகவில்லை. அது படத்தில் இருக்கிறது, அதை நடிப்பு என்று புகழ்கிறோம். எது நடிப்பு, எது துன்பம் என்று பிரிக்க முடியாத ஒன்றை ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. யாரையும் வதைக்காமல் எடுக்கப்பட்ட படம் இந்த வகையில் இருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

கடைசி வரிசை:

நியூசிலாந்தின் பீட்டர் ஜாக்சன் எடுத்த 'பேட் டேஸ்ட்' (1987) படத்தைப் பாருங்கள். நண்பர்களை வைத்துக்கொண்டு வார இறுதி நாட்களில் நான்கு ஆண்டுகளாக எடுத்தார்; வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகளைத் தன் தாயாரின் சமையலறை அடுப்பில் சுட்டார். கடைசியில் அந்நாட்டுத் திரைப்பட ஆணையம் பண உதவி செய்து படத்தை முடிக்க வைத்தது. இரண்டு பாத்திரங்களை அவரே ஏற்றிருக்கிறார். கடற்பாறையின் உச்சியில் அவ்விருவரும் மோதும் காட்சியில் தாடி வைத்தவரும் அவரே, தாடி இல்லாதவரும் அவரே. பார்த்துவிட்டு எழுதுங்கள்.