அப்பலாச்சிய மலையில் சாராயமும் கஞ்சாவும்: ஏன் அங்கே மட்டும்?

கேள்வி: கயல்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியா என்று எந்த மலை மாவட்டத்தை எடுத்தாலும் முதலில் திருட்டுச் சாராயம், 1970களுக்குப் பிறகு கஞ்சா என்றே கதை போகிறது. "மலைக்காரர்கள் சட்டத்துக்கு அடங்காதவர்கள்" என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த இரண்டும் ஏன் அந்த மலையில் நிலைத்தன? செய்தவர்களிடம் பணம் தங்கியதா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: சக்கரம்

கார் பந்தயப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டத்து ஜூனியர் ஜான்சன் சாராயம் ஏற்றி மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவர், பிறகு நாஸ்காரில் பெரிய வீரர். 1956இல் அப்பாவின் ஊறல் அடுப்புப் பக்கத்தில் பிடிபட்டு சிறைக்குப் போனார். 1986இல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். அந்த ஊர்க்காரர்கள் இதைக் குற்றமாகவே நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

பதில்: மலை மருத்துவர்

கயல், நான் கிழக்குக் கென்டக்கியில் பொது மருத்துவராக வேலை பார்த்தவன். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் தொடர்ந்து தங்க ஒரு வழி, டாக்டர் கிடைக்காத ஊரில் 3 வருடம் வேலை செய்வது. அப்படிப் போனவன், பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். அந்த மக்கள் என்னை நம்பி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் "சட்டத்துக்கு அடங்காதவர்கள்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

முதலில் பாதையைப் பாருங்கள். ஒரு பொதிகுதிரை சுமார் 100 கிலோ மக்காச்சோளம் சுமக்கும். அதைக் கீழே சந்தைக்குக் கொண்டுபோய் விற்றால் வழிச்செலவுக்கே சரியாகிவிடும். காய்ச்சிவிட்டால் 600 கிலோ சோளத்தில் கிடைக்கும் சரக்கை அதே குதிரை இரண்டு சின்னப் பீப்பாயில் சுமந்துவிடும். கெடவும் கெடாது. மலையில் சாராயம் என்பது விளைச்சலை விற்கும் முறை.

அதன்மேல்தான் வரி வந்து விழுந்தது. 1791இல் போட்ட வரியில் பெரிய ஆலைக்காரர் வருடத்துக்கு ஒரு தொகை கட்டித் தப்பிக்க முடிந்தது. சின்ன விவசாயி கேலனுக்கு இவ்வளவு என்று, அதுவும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ரொக்கமே புழங்காத ஊரில்! 1794இல் மேற்குப் பென்சில்வேனியாவில் கலகமே வெடித்தது, அதிபர் வாஷிங்டனே படையோடு கிளம்பினார். அந்த வரி 1802இல் போனது, உள்நாட்டுப் போர் நேரத்தில் 1862இல் திரும்ப வந்தது, 1894இல் கேலனுக்கு 1.10 டாலர் ஆனது. தாத்தா வெளிப்படையாகச் செய்ததைப் பேரன் இரவில், ஓடைக்கரைப் புதருக்குள் ஒளிந்து செய்ய வேண்டியதாயிற்று.

பணம் தங்கியதா என்று கேட்டீர்கள். வர்ஜீனியாவின் பிராங்க்ளின் மாவட்ட வழக்கைத் தேடிப் படியுங்கள், 1935. மதுவிலக்குக் காலத்தில் அங்கே சாராயம் பெரிய வியாபாரமாகிவிட்டது. சோளம் போய்ச் சர்க்கரை ஊறல் வந்தது. சட்டத்தைக் காக்க வேண்டிய மாவட்ட அதிகாரிகளே அடுப்புக்கு இவ்வளவு, லோடுக்கு இவ்வளவு என்று மாமூல் வாங்கினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. பலர் தண்டிக்கப்பட்டார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அரசு வழக்கறிஞராக இருந்தவர் விடுதலையானார். இரவெல்லாம் புகையில் நின்றவனுக்குக் கிடைத்தது கூலி, அவ்வளவுதான்.

மருத்துவனாக எனக்கு அதிகம் வலித்தது ஈயம். பழைய கார் ரேடியேட்டரை ஆவி குளிரவைக்கப் பயன்படுத்துவார்கள். அதன் பற்றவைப்பில் இருக்கும் ஈயம் சாராயத்தில் இறங்கும். குடிப்பவர்களுக்கு ரத்தசோகை, வயிற்றுப் பிடிப்பு, சிறுநீரகக் கோளாறு, கூடவே கீல்வாதம். கால் கட்டைவிரல் வீங்கி வரும் வயதானவரிடம் "கடைச் சரக்கா, வீட்டுச் சரக்கா?" என்று நான் தவறாமல் கேட்பேன். மெல்லச் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். திட்டினால் அடுத்த முறை வரமாட்டார்கள், அந்த ஈயம் உடம்பிலேயே கிடக்கும்.

கஞ்சாவுக்கும் கணக்கு அதேதான்: எடை குறைவு, விலை அதிகம், சரிவான நிலமே போதும். நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரம் வந்து ஆள் குறைந்தபோது வேறு வேலை இல்லை. 1984இல் மத்திய சட்டம் கடுமையாகி, போதைப்பயிர் வளர்த்தால் நிலமே பறிபோகலாம் என்று ஆனது. அதனால் பலர் சொந்த நிலத்தை விட்டு அரசுக்குச் சொந்தமான டேனியல் பூன் தேசியக் காட்டுக்குள் போய் நட்டார்கள். கோடை முடியும்போது ஹெலிகாப்டர்கள் மலைமேல் சுற்றும். 1998இல் கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா மூன்றையும் சேர்த்துத் தனி ஒழிப்புத் திட்டமே போட்டார்கள். சிறைக்குப் போனவர்களின் பிள்ளைகளை வளர்த்த பாட்டிகள் என்னிடம் ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க வருவார்கள். எனக்கு அந்த முகங்கள்தான் நினைவில் இருக்கின்றன.

பதில்: கயல்

டாக்டர் சார், மிக்க நன்றி. ஒரு சந்தேகம். திருட்டுச் சாராயம் என்றதும் கண் போவது, கூட்டமாகச் சாவது என்றுதானே கேள்விப்படுகிறோம்? அது ஈயத்தாலா?

பதில்: மலை மருத்துவர்

இல்லை அம்மா, அது மெத்தனால். சோள ஊறலில் அது மிகக் கொஞ்சமாகத்தான் உண்டாகும். கூட்டச் சாவு பெரும்பாலும் விற்பவன் தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதால் வருவது. 1951இல் அட்லாண்டாவில் ஏறத்தாழ 40 பேர் இறந்தது அப்படித்தான். குடித்துப் பல மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும், மூச்சு வாங்கும்; அதற்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். சீக்கிரம் கொண்டுவந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உயிரைக் காப்பாற்றும். அண்டை வீட்டாருக்கு விற்கிறவன் ஜாக்கிரதையாக இருப்பான், நாளைக்கும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். நகரத்து மொத்த வியாபாரிக்கு அந்தக் கவலை கிடையாது.

பதில்: வனம்

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காட்டு ஜின்செங் கிழங்கு. 1700களிலிருந்தே மருந்துக்காகச் சீனாவுக்குப் போகிறது. பறிப்பது பல இடங்களில் சட்டப்படியே நடக்கும், ஆனால் பருவம் உண்டு, ஏற்றுமதிக்குச் செடிக்குக் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும். கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்காவுக்குள் தோண்டினால் குற்றம். காய்ந்த கிழங்கு பவுண்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் போவதால் திருட்டுத் தோண்டல் நிற்கவில்லை. டாக்டர் சொன்ன எடை-விலைக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்துகிறது.

பதில்: மலை மருத்துவர்

சரியாகச் சொன்னீர்கள். கயல், புகையிலையையும் விட்டுவிடாதீர்கள். சின்ன மலைப் பண்ணைகளுக்கு நியாயமான விலை தந்த ஒரே பயிர் அது. அரசு விலை ஆதரவை 2004 சட்டம் முடித்துவைத்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே மாவட்டத்துக் கணக்கை எடுத்துப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு அங்கே நிறையக் கிடைக்கும்.