தேவாலாவுல நிஜமாவே தங்கச் சுரங்கம் இருந்துச்சா?

மழைப்பயணி:
நீலகிரி கூடலூர்ல இருந்து நாடுகாணி, தேவாலா வழியா பந்தலூர் போனோம், வழி முழுக்க தேயிலைதான், ஆனா ஒரு சரிவுல ஆள் குனிஞ்சு போற அளவுக்கு ஒரு ஓட்டை, உள்ள ஒரே தண்ணி. டீக்கடைல கேட்டா "வெள்ளக்காரன் தங்கம் தோண்டுன குகை"ங்கறாங்க. நிஜமா, இல்ல சும்மா ஊர்க்கதையா? தங்கம் இருந்துச்சுன்னா ஏன் இப்ப தேயிலையா கிடக்கு?

பழையதாள்:
கதை இல்லங்க, நிஜம். வெள்ளக்காரன் வர்றதுக்கு முன்னாடியே அங்க பணியர், குறும்பர் ஜனங்க ஆத்து மணல மரத்தட்டுல அரிச்சு தங்கத்தூள் எடுத்துட்டுதான் இருந்தாங்க. அப்புறம் காப்பித்தோட்டம் வந்துச்சு, 1860கள்ல தண்டுத் துளைப்பான் பூச்சி, அதுக்கடுத்து இலை நோய், தோட்டமெல்லாம் நொடிஞ்சு போச்சு. சரியா அந்த நேரத்துல, 1879ல, ஆஸ்திரேலியாவோட விக்டோரியால இருந்து பிரஃ ஸ்மித்னு ஒரு சுரங்க நிபுணர அரசாங்கமே கூட்டிட்டு வந்து பாக்க வச்சாங்க, 1880ல அவரு குடுத்த ரிப்போர்ட் நல்ல நம்பிக்கையா இருந்துச்சு. அவ்ளோதான், லண்டன்ல ஷேர் மார்க்கெட் பித்து புடிச்சு ஆடுச்சு. ரெண்டு வருஷத்துல முப்பதுக்கு மேல கம்பெனி, காகிதத்துல மூலதனம் நாப்பது லட்சம் பவுண்டுக்கு மேல!

என்னக் கேட்டா உண்மையான தங்கச் சுரங்கம் லண்டன்லதான் இருந்துச்சு. நோய் புடிச்ச காப்பித்தோட்டத்த "இதுல தங்கம் ஓடுது"ன்னு சொல்லி கம்பெனி தலையில கொள்ளை விலைக்கு கட்டிட்டாங்க, மூலதனத்துல பெரிய பங்கு நிலத்த வித்தவனுக்கும் கம்பெனி ஆரம்பிச்சவனுக்கும் போயிருச்சு, தோண்டறதுக்கு மிச்சம் கொஞ்சம்தான். அதுலயும் பாறைல எவ்ளோ தங்கம் இருக்குன்னு முழுசா பாக்காமலே கல் இடிக்கற மெஷின கப்பல்ல வரவழைச்சு, மாட்டுவண்டில மலை ஏத்துனாங்க. இடிச்சு பாத்தா செலவுக்கே கட்டுபடியாகல. சில வருஷத்துலயே பெரும்பாலான கம்பெனி காலி, மெஷினெல்லாம் காட்டுல துருப்புடிச்சு கிடந்துச்சு.

மழைப்பயணி:
அப்போ தங்கமே இல்லன்னு சொல்றீங்களா? கோலார்லயும் அதே சமயத்துலதானே ஆரம்பிச்சாங்க?

ராபர்ட்சன்பேட்டை பேரன்:
கோலார் பத்தி நான் சொல்றேன், எங்க தாத்தா வட ஆற்காட்டுல இருந்து அங்க வேலைக்குப் போனவரு. ஜான் டெய்லர் கம்பெனி 1880லதான் அங்க வந்துச்சு, அவங்களுக்கும் மொதல்ல ஒண்ணும் கிடைக்கல, காசு தீர்ந்து மூடற நிலைமைக்குப் போய் அப்புறம்தான் சாம்பியன் ரீஃப்ங்கற தங்கம் ஓடற பாறை அடுக்கு மாட்டுச்சு. அது கீழ போகப் போக தங்கம் குடுத்துட்டே இருந்துச்சு, மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போனாங்க, 2001 பிப்ரவரி வரைக்கும் ஓடுச்சு. தேவாலாவும் சேர்ந்த வயநாட்டு மலைப் பக்கம் அந்த மாதிரி ஒரு ரீஃப் மாட்டல. தங்கம் இருக்கு, ஆனா வெள்ளைக்கல்லுல அங்கங்க சிதறி இருக்கு, ஒரு இடத்துல மின்னும், பத்தடி தள்ளி வெறும் கல்லு.

நாடுகாணி விவசாயி:
நான் இந்தப் பக்கத்து ஆளு. எல்லாரும் சுரங்கத்தையே பேசறீங்க, விவசாயத்த விட்டுட்டீங்க. மவுண்டாடன் செட்டி, வயநாடன் செட்டி குடும்பங்க பள்ளத்துல வயல் வச்சு நெல்லு போட்டது காப்பி, தங்கம் ரெண்டுக்கும் முன்னாடி இருந்தே. கம்பெனிக்காரன் போனதுக்கப்புறம் தேயிலை வந்துச்சு. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை குடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டம் போட்டாங்க, இப்ப டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்)ங்கறமே அதான். இஞ்சி, வாழை, குறுமிளகெல்லாம் சின்ன விவசாயிங்க போடறது. மழை வேற, தமிழ்நாட்டுலயே அதிகம் பெய்யற இடங்கள்ல தேவாலா ஒண்ணு, ஆடி மாசம் வந்து பாருங்க தெரியும்.

நிலம்தான் இங்க தலைவலி. எல்லாம் நிலம்பூர் கோவிலகம்ங்கற அரச குடும்பத்தோட ஜென்ம நிலமா, அதாவது பரம்பரை உரிமை நிலமா இருந்தது, 1877 வரைக்கும் நாங்க மலபார் ஜில்லா, அதுக்கப்புறம்தான் நீலகிரி. 1969ல ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு, ஆனாலும் அதோட செக்‌ஷன் 17ல வர்ற, உரிமை இன்னும் முடிவாகாத நிலம்னு சொல்லி இன்னும் எத்தனையோ குடும்பத்துக்கு பட்டா இல்ல. தங்கத்த விட எங்களுக்கு அந்தக் காகிதம்தான் பெருசு.

மழைப்பயணி:
சூப்பர்ங்க, இவ்ளோ இருக்குன்னு தெரியாது. அடுத்த தடவ டார்ச் எடுத்துட்டு உள்ள போய் பாக்கலாமா?

நாடுகாணி விவசாயி:
வேணவே வேணாம். இன்னைக்கும் திருட்டுத்தனமா உள்ள எறங்கி கல் ஒடைக்கறவங்க இருக்காங்க, மண்ணு சரிஞ்சு மூச்சு முட்டி ஆளுங்க செத்திருக்காங்க. சில குழி நேரா கீழ எறங்குது, மேல புதர் மூடியிருக்கும், கால் வச்சாதான் தெரியும். யானை வேற நடமாடற இடம். ரோட்டுல நின்னு பாத்துட்டு போங்க.